சுக்கான் தட்டுகிற ஆழம்

நேற்று பகல் ஒரு மணிக்கு என்னுடைய ஐந்தாவது செமஸ்டர் முடிந்தது. கடைசிப் பேப்பர் ஃபவுண்டேஷன் இன்ஜினியரிங். அஸ்திவாரம் போடுவதைப் பற்றிய பாடம். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வானம் தோண்டுவது என்று பெயர். மேலே இருக்கிற ஆகாயத்துக்கும் கீழே தோண்டுகிற குழிக்கும் ஒரே பேர் எப்படி வந்தது என்று சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். "அது அப்பிடித்தான் தாயி, எங்க தாத்தா காலத்துலயே அதுக்கு அதான் பேரு" என்றாள்.

அண்ணா பல்கலைக்கழகக் கேள்வித்தாளில் இரண்டு மார்க் கேள்விகள் பத்து, 13 மார்க் கேள்விகள் ஐந்து, கடைசியில் 15 மார்க்குக்கு ஒன்று இருக்கும். மூன்று மணி நேரம். தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் முதல் பக்கத்தைப் படிப்பார்கள். நான் நேரே பதினான்காவது கேள்விக்குப் போனேன். பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற அஸ்திவாரத் தூண், அந்தப் பாடத்திலிருந்து வருகிற கேள்வி அது. ஒன்று கணக்கு, இல்லையென்றால் விளக்கம், இரண்டில் ஒன்றை எழுதலாம். கணக்குப் போட்டால் முழு மார்க் வாங்கிவிடலாம் என்று சீனியர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆனால் அதற்குக் கீழே, விரிந்து சுருங்கும் கரிசல் மண்ணில் அண்டர்ரீம்டு பைல் எப்படி வேலை செய்கிறது, படம் வரைந்து விளக்குக என்று இருந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்கு யாரோ ஊர்க்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கணக்கைத் தொடவே இல்லை. படம்தான் வரைந்தேன். காங்கிரீட் தூண் ஒன்று நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் அடியில், வெங்காயத் தாளுக்குக் கீழே வெங்காயம் இருப்பது போல, ஒரு குமிழ். தூணின் விட்டத்தைவிடக் குமிழின் விட்டம் சாதாரணமாக இரண்டரை மடங்கு. மேல்மண் மழையில் ஊதி வீட்டைத் தூக்கப் பார்க்கும்போது, ஈரம் ஏறாமலும் குறையாமலும் இருக்கிற ஆழத்தில் அந்தக் குமிழ் உட்கார்ந்துகொண்டு இழுத்துப் பிடிக்கும். ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை இது. பொதுவாக மூன்றரை மீட்டர் ஆழம் வரை கொண்டுபோவார்கள். தரைக்கோட்டுக்கு மேலே மண் வெடிப்புகளையும் வரைந்தேன். கேள்வியில் அதைக் கேட்கவில்லை. எங்கள் காட்டை வரைகிறபோது வெடிப்பு இல்லாமல் எனக்கு வரைய வராது.

எங்கள் ஊர் எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் இருக்கிறது. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். நேற்று டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள். எட்டயபுரத்தில் படித்த காலத்தில் இந்த நாளில் மணிமண்டபம் வரைக்கும் வரிசையாக நடந்து போவோம். மூன்று வருடமாக இந்தத் தேதியில் நான் ஊரில் இல்லை.

ஹாஸ்டல் நேற்றுச் சாயங்காலமே பாதி காலியாகிவிட்டது. என் அறையில் மூன்று பேர். ஒருத்தி தர்மபுரி, ஒருத்தி நாகர்கோவில். நாகர்கோவில்காரிக்கு ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசிவரை நகரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது வருடா வருடம் வருகிற அவஸ்தை. முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும் (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்). திறந்த கொஞ்ச நேரத்தில் தென்மாவட்ட ரயில்களெல்லாம் நிரம்பிவிடும். எங்கள் தேர்வு அட்டவணை கைக்கு வருவதோ அதற்கெல்லாம் பிறகு. எந்தத் தேதியில் கடைசித் தேர்வு என்று தெரியாமல் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது? நான் ரயிலை நம்புவதை விட்டுவிட்டேன். இன்று ராத்திரி கிளாம்பாக்கத்திலிருந்து அரசு விரைவுப் பேருந்து. விடிகிற நேரத்துக்குக் கோவில்பட்டி, அங்கிருந்து டவுன் பஸ். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரத்தில்தான் எப்போதும் என் பஸ் செலவு. இந்த மாதம் மிச்சம் பிடித்ததில் 15 மீட்டர் அளவு டேப் ஒன்றும் வாங்கிவிட்டேன். அது எதற்கு என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அடுப்படி மூலையில் தரையோரம் தொடங்கி, சாய்வாக ஏறி, ஜன்னலின் மேல்மூலை வரைக்கும் போகும். தாத்தா கட்டிய வீடு. அஸ்திவாரம் இரண்டடிதான். நான் நினைவு தெரிந்த நாள் முதல் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரையில் அதற்குள் ஐந்து ரூபாய் நாணயத்தைக் குத்தாகச் செருகலாம். கார்த்திகை அடைமழையில் நகம்கூட நுழையாது. அந்த மாதங்களில் அடுப்படிக் கதவு நிலையில் இறுகிக்கொள்ளும், தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது சிமெண்டு குழைத்துப் பூசுவாள். வைகாசிக்குள் பூச்சு தனியாகக் கழன்று விழும். நாங்கள் அதை வீட்டுக்கு வந்த சீக்கு என்று நினைத்தோம். தாத்தா சரியாகக் கட்டவில்லை என்று அப்பாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. வெளியே சொல்ல மாட்டார்.

2023 டிசம்பர் வரைக்கும் அப்படியே ஓடியது. அப்போது நான் முதல் வருடம், சென்னைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது. எங்கள் ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அப்பா ஊரில் தூங்காமல் கிடந்தார். சரியாக இரண்டு வாரம் கழித்து, 17ஆம் தேதி ராத்திரி, மழை எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். இப்போது தூங்காமல் கிடந்தது நான். இரண்டு நாள் வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா பேசியபோது முதல் வார்த்தையே "எல்லாரும் இருக்கோம்". அப்புறம் உளுந்தைச் சொன்னாள். நெத்துப் பிடித்து நின்ற உளுந்து மொத்தமும் தண்ணீருக்குள் அழுகிவிட்டது. கடைசியில் தான் அடுப்படிச் சுவரைச் சொன்னாள். மூலை அரை அடி அளவுக்கு இறங்கி, ஜன்னல் கோணிவிட்டது.

அந்த வருடம்தான் அப்பா பக்கத்திலேயே ஒரு அறையும் அடுப்படியும் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தார். காசு சேர இரண்டு வருடம் ஆனது. மக்காச்சோளம் விற்ற பணம், கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவின் சங்கிலியை வைத்து வாங்கிய கடன், இரண்டும் சேர்ந்துதான் இப்போது குழி வெட்டியிருக்கிறார்கள்.

அதற்குள் எனக்குச் சுவர் வெடிப்பின் காரணம் தெரிந்துவிட்டது. புத்தகத்தில் படித்துத் தெரிந்ததைவிட, என் கையால் பார்த்துத் தெரிந்தேன் என்பதில் எனக்குப் பெருமை. இந்தத் தீபாவளிக்குப் போனபோது அடுப்படி மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் மண் எடுத்துவந்தேன். சாயில் லேபில் எங்கள் மேடத்திடம் கேட்டதும் தனியாகச் செய்துபார்க்க அனுமதி கொடுத்தார். மண்ணை அடுப்பில் உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராம் எடுக்க வேண்டும். 100 மில்லி கண்ணாடி உருளை இரண்டு. ஒன்றில் வாலைவடி நீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டு, காற்றுக் குமிழ் போகக் கிளறி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்துவிட வேண்டும்.

மறுநாள் காலை முதல் ஆளாக லேபுக்குப் போனேன். மண்ணெண்ணெய் உருளையில் மண் பேசாமல் அடியில் கிடந்தது, 11 மில்லி கோட்டில். தண்ணீர் உருளையில் அதே பத்து கிராம் மண் 21 மில்லிக்கு ஏறி நின்றது. கறுப்பு நிறத்தில், கேப்பைக் களி மாதிரி மொழுமொழுவென்று. அதாவது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஊதியிருக்கிறது. வெகுநேரம் அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தாமேல் ஒரு குற்றமும் இல்லை என்று அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னேன். அப்பா "அப்பிடியா தாயி" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ சொல்லு, ஆச்சி கேக்கணுமாம்" என்றார்.

ஆச்சிக்கு நான் சொன்னது இதுதான். நம்ம கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்று ஒரு களிமண் இருக்கிறது. அடுக்கி வைத்த தாள் மாதிரி மெல்லிய அடுக்குகள். தண்ணீர் பட்டால் தாளுக்கும் தாளுக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும், கட்டு உப்பிவிடும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் கட்டு சுருங்கும். மண்ணெண்ணெய் அந்த இடுக்கில் புகுந்து ஊதவைக்காது. ஆச்சி கேட்டுவிட்டு, "அதான் மழை விட்டு ஒரு மாசம் ஆனாலும் செடி வாடாம நிக்கிது" என்றாள். அதுவும் சரிதான். பருத்தியும் மல்லியும் மிளகாயும் ஒரு பாசனமும் இல்லாமல் இந்த மண்ணில் விளைவது, அது தண்ணீரை அப்படிப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான். வீட்டைப் பிளக்கிற குணமும் எங்களுக்குச் சோறு போடுகிற குணமும் ஒன்றே என்று ஆச்சி ஒரு வரியில் புரிந்துகொண்டாள். நான் அதை எழுத ஒரு பக்கம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஏன் அந்த ஒரு மூலை மட்டும்? இதற்குப் பதில் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் கிடைத்தது. மண் எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஊதி ஒரே அளவாகச் சுருங்கினால் வீடு மொத்தமாக ஏறி இறங்கும், சுவர் அவ்வளவாக வெடிக்காது. ஓரிடம் நனைந்து பக்கத்து இடம் காயும்போதுதான் கேடு. எங்கள் அடுப்படி மூலைக்கு வெளியேதான் அங்கணக்குழி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வருடம் முழுக்க அங்கேயே ஊறுகிறது. அங்கிருந்து பத்தடி தள்ளி ஆச்சி வைத்த வேப்பமரம், கோடையில் வேரால் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஒரு பக்கம் எப்போதும் ஈரம், மறுபக்கம் வறட்சி, நடுவில் இரண்டடி அஸ்திவாரம். படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "அங்கணம்" என்று எழுதி வட்டம் போட்டேன். அந்தப் புத்தகம் நூலகத்துடையது, நேற்று அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

புது வீட்டுக்கு வானம் தோண்ட கார்த்திகை 8, வாஸ்து நாள் குறித்தார்கள். மார்கழியில் வேலை ஆரம்பிக்க மாட்டார்கள், தைக்குத் தள்ளினால் கொத்தனார் கிடைப்பது கஷ்டம். எனக்கு அன்றைக்கு இரண்டு நாள் கழித்து ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் தேர்வு. போக முடியவில்லை. தம்பி வீடியோ காலில் காட்டினான். ஈசானிய மூலையில் செங்கல் வைத்து, மஞ்சள் தடவி, அப்பா முதல் வெட்டு வெட்டினார். மண் அல்வாத் துண்டு மாதிரி மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் மறைக்கவில்லை, அறையில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அன்று கொத்தனார் மாமாவிடம் போனிலேயே கேட்டேன், எவ்வளவு ஆழம் போவீர்கள் என்று. "சுக்கான் தட்டுற வரைக்கும் போகணும் பாப்பா. கரிசல்ல வீட்ட நிப்பாட்டக் கூடாது" என்றார். எங்கள் பக்கம் கரிசலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கலப்புள்ள இறுகிய மண் இருக்கும். அதுதான் சுக்கான். கடப்பாரை பட்டால் சத்தம் மாறும். அது தண்ணீருக்கு ஊதாது. அதுவரைக்கும் தோண்டி, கரிசலை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, சரளையும் மணலும் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, அதற்குமேல் கல்கட்டு எழுப்புவது அவர் வழக்கம். மாமா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஊதுகிற மண்ணை நீக்கிவிட்டு ஊதாத மண்ணை நிரப்பு, ஈரம் மாறாத ஆழத்துக்குப் போ என்று எங்கள் பாடம் சொல்வதும் இதைத்தான். அந்தக் குமிழ் வைத்த பைல் எங்கள் பக்கம் போடத் தெரிந்த ஆள் இல்லை, அதற்கான துரப்பணக் கருவியும் கிடைக்காது. மாமாவின் வழியே எங்களுக்குச் சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். அங்கணத் தண்ணீர் சுவரோரம் நிற்காமல் குழாய் வைத்து வேப்பமரத்துக்குப் போக வேண்டும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சாய்வாகத் தளம் போட வேண்டும், மழைத்தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் இறங்காமல் இருக்க. மாமா "தண்ணி மரத்துக்குப் போனா நல்லதுதான" என்றார். தளத்துக்கு மட்டும் "செலவாகுமே" என்று இழுத்தார். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாம் வருட டிசம்பர் லீவில் இன்டர்ன்ஷிப் போகாமல் ஊருக்கா போகிறாய் என்று இந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். போதாததற்கு லீவிலும் கை வைத்துவிட்டார்கள். பிளேஸ்மென்ட் டிரெயினிங் என்று ஜனவரி முதல் வாரமே திரும்பிவரச் சொல்லியிருக்கிறார்கள், பொங்கலுக்கு மறுபடி அலைய வேண்டும். தூரத்து ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது என் வருத்தம். இன்டர்ன்ஷிப் முக்கியம்தான், கோடையில் போவேன். ஆனால் என் வீட்டு அஸ்திவாரக் குழி என் வாழ்நாளில் ஒருமுறைதான் திறந்திருக்கும். அது மூடுவதற்குள் நான் அதில் இறங்கி நிற்க வேண்டும்.

இன்னும் நான்கு நாளில் மார்கழி பிறக்கிறது. அம்மா விடிவதற்குள் சாணி கரைத்துத் தெளித்து, கோலத்து நடுவில் பூசணிப்பூ வைப்பாள். ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். மார்கழி பத்து வாக்கில் உளுந்து நெத்துப் பறிப்பு ஆரம்பித்துவிடும் என்று அப்பா சொன்னார். அதற்குப் பனியோடு காட்டுக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நெத்துக் காய்ந்து, கை பட்டதுமே வெடித்து உளுந்து தரையில் சிதறிவிடும். பனி ஈரத்தில் நெத்து மெத்தென்று இருக்கும், சத்தமில்லாமல் மடியில் விழும். விரல் நுனி விறைத்துப்போகும், பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும், காலடியில் கரிசல் செருப்பு மாதிரி அப்பிக்கொள்ளும். ஆச்சி எனக்கு முந்தின வரிசையில் குனிந்தபடியே போய்க்கொண்டிருப்பாள், அவள் வேகத்துக்கு இன்றுவரை என்னால் ஈடுகொடுக்க முடிந்ததில்லை. மூன்று மாதமாகப் பேனா பிடித்த கை. முதல் நாள் வலிக்கும்.

பழைய சுவருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அதை இடிக்கப் போவதில்லை, ஆச்சி அங்கேதான் படுப்பாள். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லைச் சிமெண்டு வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டு வரப்போகிறேன். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். தம்பி வாராவாரம் பார்த்து எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். அங்கணத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு சித்திரையில் அந்த வெடிப்பு எவ்வளவு திறக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா கூப்பிட்டார். இரண்டு நாளாக மழை இல்லை, குழியில் நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு இன்று மறுபடி தோண்டியிருக்கிறார்கள்.

"நாலரை அடியில சுக்கான் தட்டிருச்சு தாயி. மூணு மூலையிலயும் தட்டிருச்சு. அடுப்படி மூலையில மட்டும் இன்னும் கரிசலாவே வருது."

"அங்க நிறுத்திராதீகப்பா."

"நிறுத்தல. கொத்தனாரு சொல்றாக, பாப்பா வந்து பாத்துட்டுத்தான் மணல் போடணுமாம். குழிய தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கு."

பையில் அளவு டேப், ஒரு கண்ணாடிச் சில்லு, மண் எடுக்க நான்கு பிளாஸ்டிக் பை, அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர். எட்டரைக்குப் பஸ்.